லண்டன் வங்கிகளின் ஸ்பிரிங் வீக்: முதலாம் ஆண்டில் எப்போது அப்ளை செய்வது?

பனங்காடு:
தங்கை செப்டம்பர் 2026இல் மான்செஸ்டரில் எகனாமிக்ஸ் சேர்கிறாள். மூன்றாண்டுப் படிப்பு, சென்னையிலிருந்து ஸ்டூடன்ட் விசா. ஃபைனான்ஸில் எந்தப் பிரிவு என்று அவளுக்கே தெளிவில்லை. கிளாஸ் பழகியபின் ஜனவரி வாக்கில் ஸ்பிரிங் வீக்குக்கு (வங்கிகள் மாணவர்களுக்கு நடத்தும் குறுகிய அறிமுகப் பயிற்சி) அப்ளை செய்தால் போதுமா?

பேரேடு:
ஜனவரியில் பெரும்பாலான கதவு சாத்தியிருக்கும். பெரிய வங்கிகள் பலவும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திறந்துவிடும். கடைசித் தேதி நவம்பர் என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். வர வரப் பார்த்து இடத்தை நிரப்பிக்கொண்டே போவார்கள். ஆகவே சிவி ஊரிலேயே தயாராகட்டும். ஒரே பக்கம், போட்டோ, பிறந்த தேதி வேண்டாம். காலேஜ் மார்க் எதுவும் இருக்காது என்பதால் பிளஸ் டூ மார்க்குக்குத்தான் எடை, பாடவாரியாகப் போடுங்கள்.

ஸ்பிரிங் வீக் ஈஸ்டர் லீவை ஒட்டிச் சில நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். பேருக்குத்தான் அறிமுக வாரம். உள்ளே ஆளை எடைபோடுவார்கள். பிடித்துப்போனால் அடுத்த ஆண்டுக் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு நேராக இன்டர்வியூ.

திசைகாட்டி:
பட்டம் பெறும் ஆண்டு 2029 என்று சரியாகப் போடச் சொல்லுங்கள். மூன்றாண்டுப் படிப்புக்கு முதலாம் ஆண்டிலும் நான்காண்டுப் படிப்புக்கு இரண்டாம் ஆண்டிலும்தான் தகுதி. ஆண்டு மாறினால் சிவியை யாரும் திறக்குமுன்பே கழிந்துவிடும்.

பிரிவு தெளிவில்லை என்றாலும் ஃபாரத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'ஃபைனான்ஸில் ஆர்வம்' என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. மார்க்கெட்ஸ் (பங்கு, பத்திரம், கரன்சி வாங்கி விற்கும் பிரிவு) என்றால் பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி இப்போது எவ்வளவு, ஏன் என்று தெரிய வேண்டும். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் (கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்கவும் நிதி திரட்டவும் உதவும் பிரிவு) என்றால் அண்மையில் நடந்த ஒரு டீல்: யார் யாரை வாங்கினார்கள், என்ன விலை, எதற்கு.

பனங்காடு:
நன்றி. பத்து வங்கிக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடலாமா?

பேரேடு:
கூடாது. பல வங்கிகளில் அனுப்பிய கையோடு ஆன்லைன் டெஸ்ட் லிங்க் வரும், சில நாளில் முடிக்க வேண்டும். பத்தும் ஒன்றாக விழுந்தால் எல்லாம் அரைகுறை. வாரத்துக்கு இரண்டு, மூன்று போதும். வீடியோ இன்டர்வியூவில் எதிரே ஆள் கிடையாது. திரையில் கேள்வி வரும், யோசிக்க அரை நிமிடம், பேச இரண்டு நிமிடம் என்ற கணக்கில் இருக்கும். போனில் ரெக்கார்டு செய்து பழகட்டும். இன்னொரு வங்கியின் பேர் கவர் லெட்டரில் தங்கிவிடுவது வருடாவருடம் நடக்கிற கூத்து.

ஆலமரத்தடி:
விசாவை யாரும் சொல்லவில்லையே. டிகிரி மாணவர் டெர்ம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். லீவில் முழு நேரம். சம்பளம் தரும் ஸ்பிரிங் வீக் டெர்முக்குள் விழுந்தால் சிக்கல். தேதியை யுனிவர்சிட்டி காலண்டரோடு ஒப்பிட்டு, சந்தேகமானால் அங்குள்ள விசா பிரிவில் கேட்கட்டும். பின்னாளில் வேலை விசாவுக்கு வங்கியின் ஸ்பான்சர் தேவையா என்று ஃபாரத்தில் வரும் கேள்விக்கு உள்ளதையே சொல்ல வேண்டும்.

இடம் கிடைக்காவிட்டாலும் இரண்டாம் ஆண்டில் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு எல்லோரையும்போல நேராக அப்ளை செய்யலாம். ஃபோரேஜ் தளத்தில் வங்கிகளின் மாதிரி வேலைகள் இலவசம், சில மணி நேரத்தில் முடியும். எந்தப் பிரிவு ஒத்துவரும் என்று பார்க்க நல்லது. அதை அனுபவம் என்று சிவியில் பெரிதாக்க வேண்டாம், ஒரு வரி போதும்.