புதுப்பிப்பு: மூக்கைத் தூக்கி விழுந்த ஃபோம் விமானம் பறந்துவிட்டது

ரிமோட்டில் ஓட்டும் என் முதல் ஃபோம் மாதிரி விமானம் கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, பக்கவாட்டில் சரிந்து விழுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் எலிவேட்டர் ட்ரிம்மை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பின் நடுநிலை அமைப்பை)க் கீழே இறக்கிப் பார்த்தேன்; விழும் விதம்தான் மாறியது. பலித்தது ஈர்ப்பு மையத்தை, அதாவது விமானம் சமநிலையில் நிற்கும் இடத்தை, அளக்கச் சொன்ன யோசனை. இறக்கையின் அகலம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 20 செ.மீ., நுனிவரை ஒரே அளவு. அப்படியானால் மையம் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் 25 முதல் 30 சதவீதத்தில், அதாவது 5 முதல் 6 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பேட்டரியோடு இரண்டு விரல்களில் தாங்கிப் பார்த்தால் 8.5! வால் பக்கம் கனம் அதிகம். பேட்டரியை மூக்குப் பக்கம் தள்ளி 5.5-க்குக் கொண்டுவந்தேன். அப்புறம் உயரமான புல்லின் மேல் மோட்டார் இல்லாமல் வீசினேன். நேராக, அழகாக இறங்கியது. அந்தச் சில நொடிகளை மறக்கவே முடியாது.

எதிர்பாராத ஒன்று: த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) முழுதாகக் கொடுத்தால் மட்டும் மூக்கு மறுபடி எழுந்தது. மோட்டார் மவுண்டின் (மோட்டாரைப் பொருத்தும் தட்டின்) மேற்பக்கத் திருகுகளுக்குப் பின்னால் வாஷர் வைத்து, மோட்டாரைச் சுமார் 3 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்ததும் அதுவும் சரியானது. ட்ரிம்மைத் திரும்ப நடுவிலேயே வைத்துவிட்டேன்.