தறிக்குடோனில் வயர்லெஸ் இயர்பட்ஸ்: போட்டும் காதில் 'கீ' சத்தம் நிற்கவில்லை, உதவி தேவை

எட்டுத்தறி தம்பி:

வணக்கம். பல்லடம் பக்கம் எங்களுக்குச் சொந்தமாக எட்டுத் தறி இருக்கிறது. எல்லாமே நாடா (குறுக்கு இழையைக் கொண்டு போகும் கட்டை) ஓடும் சாதாத் தறிகள். அப்பாவும் நானும் மாற்றி மாற்றி 12 மணி நேர ஷிப்ட் ஓட்டுகிறோம். இரண்டு மாதமாக ராத்திரி படுத்தால் என் இரண்டு காதிலும் 'கீ' என்று ஒரு சன்னமான சத்தம். அப்பாவுக்கு 58 வயது. பேத்தி ஏதோ கேட்க, புரியாமல் அவர் சும்மா சிரித்துத் தலையாட்டியதைப் பார்த்த அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அதனால் ஏ.என்.சி. (வெளி இரைச்சலை எலக்ட்ரானிக் முறையில் அடக்கும் வசதி) உள்ள வயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்கினேன். 45 டெசிபல் வரை சத்தத்தைக் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. போட்டவுடன் மோட்டார் இரைச்சல் போய்விடுகிறது, அது உண்மை. ஆனால் நாடா அடிக்கிற 'டக் டக்' அப்படியே கேட்கிறது. நாலைந்து தறி சேர்ந்து அடிக்கும்போது காதுக்குள் யாரோ அமுக்கி அமுக்கி விடுவது போல 'பொப் பொப்' என்று வேறு வருகிறது. வேர்வையில் வலது பக்கத்து பட் நழுவுகிறது. அறுந்த இழையைப் பிணைக்கக் குனிந்தபோது இரண்டு தடவை பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) மேலேயே விழுந்துவிட்டது. ஐந்து மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்துவிடும். திரும்ப ஏறும் வரை வெறும் காதுதான்.

போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன், குடோன் நடுவில் 98 டெசிபல் காட்டியது. செட்டிங்கில் ஏதாவது மாற்ற வேண்டுமா? இல்லை, வேறு நல்ல மாடல் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூல்மில் சேப்டி:

தம்பி, பதில் சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி. அதில் பாட்டுக் கேட்கிறீர்களா, எவ்வளவு வால்யூமில்? காதுக்குள் போகிற ரப்பர் முனை பெட்டியில் மூன்று அளவில் வந்திருக்கும், அதில் எதைப் போட்டிருக்கிறீர்கள்?

எட்டுத்தறி தம்பி:

பாட்டுக் கேட்பேன் அண்ணா. தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே, அதனால் வால்யூம் முக்காலுக்கு மேல்தான் இருக்கும். ரப்பர் அதிலேயே மாட்டி வந்ததுதான், மாற்றிப் பார்க்கவில்லை.

சோமனூர் பெரியவர்:

எங்கள் காலத்தில் எல்லாரும் கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வோம். காசே செலவில்லை. அது எவ்வளவுதான் தடுத்திருக்கும் தம்பி?

நூல்மில் சேப்டி:

ஐயா, பஞ்சு வைத்தால் சத்தம் மட்டுப்பட்ட மாதிரி தோன்றும். ஆனால் இழைகளுக்கு நடுவில் காற்று போகிற இடத்தில் எல்லாம் சத்தமும் போகும், சில டெசிபல்தான் குறையும். 98 இருக்கிற இடத்தில் அது காணாது.

தம்பி, இப்போது உங்கள் விஷயம். ஏ.என்.சி. வெளியிலிருந்து வருகிற ஒலியை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு அதை அடக்குகிறது. ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலுக்கு இது நன்றாக வேலை செய்யும். மோட்டார், பேன், விமான எஞ்சின் எல்லாம் அந்த வகை. ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் அதன் பலன் குறைந்துவிடும். பிக்கர் என்கிற தறிப் பாகம் நாடாவை அடிப்பது ஒரு சம்மட்டி அடி மாதிரி. நொடியில் ஒரு சிறு பங்குக்குள் எழுந்து அடங்கும், அதில் உயர்ந்த ஒலி நிறைய இருக்கும். அதைத் தடுப்பது எலக்ட்ரானிக்ஸ் அல்ல, காதுத் துளையை மூடி நிற்கிற ரப்பர்தான். உங்களுக்கு அந்த ரப்பர் சரியாக மூடவில்லை என்பது நழுவுவதிலேயே தெரிகிறது. 'பொப்' சத்தத்துக்கும் காரணம் அநேகமாக இதுதான். இடைவெளி வழியாகச் சத்தம் உள்ளே புகும்போது ஏ.என்.சி. தடுமாறும். மைக்கால் தாங்க முடியாத அடி வந்தாலும் அப்படித்தான்.

பெட்டியில் போட்ட 45, ஏதோ ஒரு தாழ்ந்த அலைவரிசையில் கிடைத்த உச்ச எண்ணாக இருக்கும். எல்லாச் சத்தத்துக்கும் அது பொருந்தாது. காதுப் பாதுகாப்புக் கருவி என்று விற்க வேண்டுமானால் அதற்கென்று சோதனை இருக்கிறது. எவ்வளவு சத்தம் குறையும் என்பதற்கு அமெரிக்காவில் என்.ஆர்.ஆர்., ஐரோப்பாவில் எஸ்.என்.ஆர். என்று ஒரு எண் அச்சடித்திருக்கும். உங்கள் பெட்டியில் அந்த இரண்டில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பாட்டுக் கேட்கும் கருவி மட்டும்தான்.

98 என்பது எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுத் தொழிற்சாலை விதியில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரைதான். 97 என்றால் 3 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம். வேலையிடப் பாதுகாப்பை ஆராய்கிற அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் இன்னும் கண்டிப்பு. அவர்கள் கணக்கு 85-இல் 8 மணி நேரம் என்று தொடங்கி, 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். அதன்படி 98-இல் வெறும் காதோடு நிற்கக்கூடியது 24 நிமிடம். நீங்கள் 12 மணி நேரம் நிற்கிறீர்கள். அதற்கு மேல் அந்தச் சத்தத்தையும் தாண்டுகிற அளவுக்குப் பாட்டு வேறு. தயவுசெய்து பாட்டை இன்றைக்கே நிறுத்துங்கள்.

செவித்திறன் பரிசோதகர்:

நான் ஆடியாலஜிஸ்ட். தறி ஓட்டுகிறவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறார்கள், அதனால் உங்கள் பதிவைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

சத்தத்தால் வரும் பாதிப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் விழும். பரிசோதனை கிராபில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். சாதாரணப் பேச்சின் கனமான ஒலிகள் அதற்குக் கீழே இருப்பதால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு பெண்கள், குழந்தைகள் பேச்சும், ச, ஸ போன்ற ஒலிகளும் மங்க ஆரம்பிக்கும். 'பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை' என்பார்கள். உங்கள் அப்பா பேத்தியிடம் சிரித்துச் சமாளித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது இதுவாக இருக்கலாம். உட்செவியில் இருக்கிற மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்துவிட்டால் திரும்ப முளைப்பதில்லை. மருந்தும் இல்லை. ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை.

இருவரும் ஆடியோகிராம் (காது கேட்கும் திறனைக் காட்டும் அந்த கிராப்) எடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எடுக்கலாம். சத்தத்திலிருந்து குறைந்தது 14 மணி நேரமாவது விலகி இருந்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய களைப்பும் சேர்ந்து பதிவாகிவிடும். ஞாயிறு தறி ஓடாது என்றால் திங்கள் காலை குடோனுக்குள் நுழைவதற்கு முன் போய்விடுங்கள்.

ஒன்று கட்டாயம். இரைச்சலுக்கு என்று காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம். பட்ஸ் குச்சியும் வேண்டாம். வேர்வையோடு மணிக்கணக்கில் அடைத்து வைத்த காதில் பூஞ்சை வருவதை வாரம் ஒருவரிடமாவது பார்க்கிறேன். அரிப்போ நீர் வடிவதோ இருந்தால் எதையும் காதில் வைக்காமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜூரோங் தமிழன்:

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறேன். இங்கே வரம்பு 8 மணி நேரத்துக்கு 85. சத்தம் உள்ள இடத்தில் சொந்த இயர்பட்ஸோடு நின்றால் சூப்பர்வைசர் உடனே வெளியே அனுப்பிவிடுவார். கம்பெனி கொடுக்கிற, காதுத் துளைக்குள் வைக்கும் நுரை பிளக், அதற்கு மேல் காதையே மூடுகிற மஃப், அவ்வளவுதான்.

வயர்லெஸ்ஸே வேண்டுமென்றால் பாதுகாப்புக் கருவியாகவே செய்த பட்ஸும் உண்டு. ஐசோட்யூன்ஸ் ப்ரோவுக்கு என்.ஆர்.ஆர். 27, பாட்டுச் சத்தம் 85 டெசிபலைத் தாண்டாதபடி பூட்டியிருப்பார்கள். முனையும் ரப்பர் இல்லை, நுரை. ஆனால் அந்த மாடலில் இரண்டு பக்கத்தையும் இணைக்கிற ஒயர் உண்டு. ஏர்பாட்ஸ் ப்ரோ 2-க்கு 2024-இல் காதுப் பாதுகாப்பு என்று ஒரு வசதி கொடுத்தார்கள். அதிலும் துப்பாக்கி, பட்டாசு, ஜாக்ஹேமர் மாதிரி அடிச்சத்தத்துக்கும், 110-க்கு மேல் தொடர்ந்து வரும் சத்தத்துக்கும் ஏற்றதல்ல என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது.

நூல்மில் சேப்டி:

ஒயர் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. தறிப் பக்கத்தில் கழுத்தில் ஒயர் தொங்கவே கூடாது. பெல்ட்டிலோ பாவிலோ மாட்டினால் காதோடு போகாது. கயிறு கட்டிய பிளக்கும் வேண்டாம், தனித்தனியாக இருப்பதை வாங்குங்கள்.

தம்பி, என் யோசனை சாதாரண நுரை பிளக்தான். நான் வாங்குவது ஜோடி 15 ரூபாய். சார்ஜ் வேண்டாம். என்.ஆர்.ஆர். 32 போட்டதை எடுத்துக்கொண்டால், அதில் 7 கழித்துப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். நடைமுறையில் நம்பக்கூடியது பன்னிரண்டரை. 98 இருப்பது 85 பக்கம் வந்துவிடும். மேலே மஃப் போட்டால் இரண்டையும் கூட்டக் கூடாது, கூடுதலாக 5 என்று வைத்துக்கொள்ளுங்கள், 80 ஆகிவிடும்.

சார்ஜ் ஏறும்வரை வெறும் காது என்று எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது. 12 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 72 நிமிடம் கழற்றி வைத்தாலே, மீதி நேரம் எவ்வளவு உயர்ந்த கருவி போட்டிருந்தாலும் மொத்தப் பலன் 10 டெசிபலைத் தாண்டாது. வெறும் காதோடு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரமே மற்றதை எல்லாம் தின்றுவிடும்.

எட்டுத்தறி தம்பி:

பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன், என்.ஆர்.ஆரும் இல்லை, எஸ்.என்.ஆரும் இல்லை. நுரை பிளக் வாங்கிவிட்டேன். ஆனால் போட்டால் பாதி வெளியே நிற்கிறது, சத்தமும் பெரிதாகக் குறையவில்லை. இன்னொன்று, அப்பா போட மாட்டேன் என்கிறார். 'தறி பேசுகிறது கேட்காமல் எப்படி ஓட்டுவது' என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாடா சரியாகப் போகவில்லை என்றால் துணியில் தெரிவதற்கு முன் சத்தத்தில்தான் தெரியும்.

செவித்திறன் பரிசோதகர்:

பாதி வெளியே நின்றால் பாதி பலன் கூட இல்லை. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கிரீஸும் பஞ்சும் நுரையோடு உள்ளே போகக் கூடாது. விரல் நுனியில் மெதுவாக உருட்டுங்கள். மடிப்பு விழாமல் ஊதுவத்திக் குச்சி மாதிரி ஒல்லியாக வர வேண்டும். வலது காதுக்கு என்றால், இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போதுதான் வளைந்த துளை நேராகும். உடனே உள்ளே செலுத்தி, விரலை எடுக்காமல் முப்பது எண்ணும் வரை பிடித்திருங்கள். நுரை மெல்ல விரிந்து சுவரைத் தொடுவது உங்களுக்கே தெரியும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஓடுகிற தறி முன்னால் நின்று இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுகப் பொத்தி எடுங்கள். பொத்தும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் மூடவில்லை என்று அர்த்தம். பொத்தினாலும் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் சரி. குடோனுக்கு வெளியிலேயே போட்டுக்கொண்டு உள்ளே போங்கள், வெளியே வந்துதான் கழற்ற வேண்டும்.

சோமனூர் பெரியவர்:

தம்பி, உங்கள் அப்பா சொல்வதுதான் என் பயமுமாக இருந்தது. போன வருடம் மகன் வற்புறுத்தி எனக்கு பிளக் வாங்கிக் கொடுத்தான். முதல் நாலு நாள் தண்ணீருக்குள் நிற்பது போல இருந்தது, கழற்றி எறியத் தோன்றியது. அப்புறம் பழகிவிட்டது. எல்லாத் தறியும் ஒரே அளவுக்கு அமுங்குகிறது, அதனால் எந்தத் தறி தாளம் தப்புகிறது என்பது தனியாகத் தெரிகிறது. நாடாவை அடித்து ஓட்டும் பிக்கிங் ஸ்டிக்கில் பெல்ட் தளர்ந்ததைப் பிளக் போட்டபடியே கண்டுபிடித்தேன். கையைத் தறிச் சட்டத்தில் வைத்தாலும் அதிர்வு சொல்லும், அது உங்கள் அப்பாவுக்குத் தெரியாததா? அவசரத்துக்குக் கூப்பிடக் கை சைகை, டியூப்லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போடுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சு வைத்த வருடங்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. எனக்கு இப்போது இடது காது அறவே கேட்பதில்லை.

எட்டுத்தறி தம்பி (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன திங்கள் காலை இருவரும் ஆடியோகிராம் எடுத்தோம். எனக்கு இரண்டு காதிலும் 4000-இல் சின்னப் பள்ளம், மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. அப்பாவுக்கு 3000-இலிருந்தே கோடு சரிந்து இறங்குகிறது. டாக்டர் காது மெஷின் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வரும் வரை ஒன்றும் பேசவில்லை.

பிளக் இப்போது முழுதாக உள்ளே போகிறது, முப்பது எண்ணுவதுதான் குறையாக இருந்திருக்கிறது. மஃப்பை வெயில் நேரத்தில் முழுக்கப் போட முடியவில்லை, ராத்திரி ஷிப்டில் போடுகிறேன். ராத்திரிக் 'கீ' சத்தம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. இயர்பட்ஸை பஸ்ஸில் போகும்போது மட்டும் பயன்படுத்துகிறேன், வால்யூம் பாதிக்குக் கீழே.

குடோன் வாசல் ஆணியில் ஒரு டப்பா மாட்டி வைத்திருக்கிறேன். ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முந்தாநாள் அவரே டப்பாவிலிருந்து ஒரு ஜோடி எடுத்தார், உருட்டித் தரச் சொன்னார். நேற்று மூன்றாம் தறியைக் காட்டி, 'நாடா உரசுது பாரு' என்றார். நிறுத்திப் பார்த்தால் நாடாவின் நுனி சிலாம்பாகத் தேய்ந்திருந்தது.

பெரியவர் ஐயா, உங்கள் வலது காதை ஒருமுறை காட்டி ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். சோமனூரிலிருந்து வருவதென்றால் சொல்லுங்கள், திங்கள்கிழமை நானே வந்து கூட்டிப் போகிறேன்.