ஆட்டோமேட்டிக் காரின் கியர் கேபிளை வீட்டிலேயே மாற்றியவர்கள் இங்கே எழுதுங்கள்

ஸ்கார்பரோவாசி:
மூன்று வாரமாகிவிட்டது, அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. கடைக்குப் போய் வந்து வீட்டு வாசல் சரிவில் காரை நிறுத்தினேன். கியர் லிவரைப் பார்க் (P) நிலைக்குத் தள்ளினேன், இன்ஜினை அணைத்தேன், சாவியும் வந்துவிட்டது. பனிக்காலத்தில் ஹேண்ட்பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும் என்று இங்கே பலரும் போடுவதில்லை, நானும் போடவில்லை. பை எடுக்க அம்மா பின்கதவைத் திறந்தார். கார் மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது. நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்து, அம்மா கதவைப் பிடித்தபடியே அதோடு சேர்ந்து பின்னால் நடந்தார். ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி. நான் வெளியே நிற்பதைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது. பாய்ந்து ஏறி பிரேக்கை மிதித்தேன். தெரு விளிம்பில் நின்றது.

லிவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கேபிளின் கியர்பாக்ஸ் முனையில் இருக்கும் புஷ் (சின்ன பிளாஸ்டிக் வளையம்) உடைந்து கழன்றிருந்தது. லிவர் பார்க்குக்குப் போயிருக்கிறது, கியர்பாக்ஸ் டிரைவிலேயே இருந்திருக்கிறது. சாவியை விடுவிக்கும் பூட்டு லிவரைத்தான் பார்க்கிறது, கியர்பாக்ஸை அல்ல என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த வாரம் முழுக்க லிவர் பாயசத்தில் கரண்டி போல வழுவழுவென்று போய்க்கொண்டிருந்தது.

பனிக்காக உப்புத் தூவும் தெருவில் ஓடிய கார், கேபிளின் உறையும் துருவேறி ஊதியிருந்தது. அதனால் முழுக் கேபிளையும் மாற்றினேன். கன்சோலைக் கழற்றி, பழைய கேபிளை இன்ஜின் பக்கத் தகட்டின் ரப்பர் வளையம் வழியாக உருவி, புதியதைச் செலுத்தி முடிக்க ஒரு பகல் போனது. லிவரையும் பார்க்கில் வைத்தேன், கியர்பாக்ஸ் கையையும் (கேபிள் முனை மாட்டும் நெம்புகோல்) பார்க்கில் வைத்தேன், கேபிள் நீளத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைப் பூட்டினேன். எல்லாக் கியரும் விழுகிறது. ஆனால் பார்க்கில் ஸ்டார்ட் ஆக, லிவரை முன்னால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த வண்டியின் குணம் அதுதான் போல என்று விட்டுவிட்டேன்.

ஏ9 சாரதி:
அண்ணை, அதை அப்படியே விடாதேங்கோ. எனக்கும் அதேதான் நடந்தது. ஜப்பான் ரீகண்டிஷன் கார், யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஹயர். முறிகண்டியில் எல்லோரும் இறங்கித் தேங்காய் உடைத்துக் கும்பிட்டு வந்து ஏறினார்கள். சாவியைத் திருப்புகிறேன், ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை. விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. பின்சீட்டில் இருந்த ஐயா கையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் என் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பக்கத்தில் கடலை வாங்கிக்கொண்டிருந்த லொறிக்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, "நியூட்ரலில போட்டு அடி தம்பி" என்றார். முதல் தடவையிலேயே பிடித்தது.

பார்க், நியூட்ரல் இரண்டிலும்தான் ஸ்டார்ட் ஆகும்படி கியர்பாக்ஸில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கேபிள் சற்று விலகினால், லிவர் பார்க்கில் இருந்தாலும் அந்த சுவிட்ச் பார்க்குக்கு முழுதாக வராது. அது தெரியாமல் முந்தின வாரம்தான் புது பற்றரி போட்டிருந்தேன். அதற்கு முன் ஒரு கராச்சில் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியபோது கேபிள் நட்டைக் கண் மதிப்பில் இறுக்கி விட்டிருக்கிறார்கள்.

பிறகு வீட்டிலேயே சரி செய்தேன். டொயோட்டாவில் பல கியர்பாக்ஸுக்கு உள்ள முறை இதுதான்: கேபிள் நட்டை இளக்கி, கியர்பாக்ஸ் கையைப் பார்க் பக்கம் முட்டும் வரை தள்ளி, அங்கிருந்து இரண்டு பல் திரும்ப விட்டால் நியூட்ரல். உள்ளே லிவரையும் நியூட்ரலில் வைத்து, ஒருவர் அதை ரிவர்ஸ் பக்கம் மெல்லச் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் நட்டை இறுக்க வேண்டும். கால் மணி நேர வேலை. அம்மா சுகம்தானே?

கிள்ளான் ஒர்க்‌ஷாப்:
ஸ்கார்பரோ தம்பி பார்க்கில் வைத்து அட்ஜஸ்ட் செய்ததில் எனக்கு உடன்பாடில்லை. சில தயாரிப்பாளர்கள் பார்க்கில்தான் செய்யச் சொல்கிறார்கள், உண்மைதான். உங்கள் வண்டியின் மேனுவல் என்ன சொல்கிறது என்று பார்த்தீர்களா? ஏ9 தம்பி சொன்ன "ரிவர்ஸ் பக்கம் சாய்ப்பது" டொயோட்டாவுக்குச் சரி, எல்லா வண்டிக்கும் அதைச் செய்யாதீர்கள்.

என் கதை சின்னது. கேபிளைக் கழற்றிவிட்டுக் கையாள் பையன் காருக்கு அடியில் படுத்திருந்தான். வெறும் ஜாக். மேலே இன்னொருவன் ரேடியோ கேட்க சாவியைத் திருப்பினான், கை தவறி ஸ்டார்ட் வரை போய்விட்டது. கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருந்ததால் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கார் ஒரு விரற்கடை ஆடியது. அவ்வளவுதான். பையனின் கால்கள் இரண்டும் சட்டென்று உள்ளே மடங்கியதை நான் பார்த்தேன். அவன் இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறான், எனக்கு இன்னும் அந்தக் கால்கள்தான் தெரிகின்றன.

ஆகவே வீட்டில் செய்கிறவர்களுக்கு: சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுங்கள், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், ஏனென்றால் கேபிளைக் கழற்றிய வண்டிக்குப் பார்க் என்று ஒன்று கிடையாது. அடியில் போவதென்றால் ஜாக் ஸ்டாண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்புக் கால்) இல்லாமல் போகாதீர்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பழைய கேபிள் எந்தெந்த கிளிப் வழியாகப் போகிறது என்று போனில் படம் எடுத்துவிட்டுப் பிறகு உருவுங்கள், புதியதைப் புகைக்குழாய்ப் பக்கம் சாய்த்துவிட்டால் உறை உருகிப்போகும். சுருக்கென்று மடிக்கவும் கூடாது, உள்ளே கம்பி உரசி இழுவை கனத்துவிடும். கிளிப் உடைந்தால் வேறு எதையாவது வைத்துக் கட்டாமல் புதிதாக வாங்குங்கள். முடித்ததும் பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு நிலையிலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள்: பார்க், நியூட்ரல் தவிர வேறெதிலும் பிடிக்கக் கூடாது. ரிவர்ஸில் போட்டால் ரிவர்ஸ் விளக்கு எரிய வேண்டும். டேஷ்போர்டில் தெரியும் எழுத்தும் லிவர் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நிலையில் பிசகினாலும் மறுபடி இளக்குங்கள், சோம்பல் படாதீர்கள்.

வேளச்சேரி வெங்கட்:
டேஷ்போர்டு எழுத்து பற்றி கிள்ளான் ஐயா சொன்னதற்காகவே எழுதுகிறேன். எங்கள் அபார்ட்மென்ட் அடித்தளம். ரிவர்ஸில் வெளியே எடுத்து, டிரைவுக்கு மாற்றி, ஆக்சிலரேட்டரைத் தொட்டேன். கார் பின்னால் போனது. ரிவர்ஸ் கேமரா திரை அணையவே இல்லை. அதில் வாட்ச்மேன் அண்ணனின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக்கை மிதிப்பதற்குள் தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் 'பட்' என்று உடைந்தது. அவர் டீ வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியையே பார்த்தபடி நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. புது நாற்காலி வாங்கிக் கொடுத்துவிட்டேன், ஆனாலும் இப்போது அவர் அந்தத் தூணருகே உட்காருவதில்லை.

டிரைவுக்கு மாற்றும்போது புஷ் உடைந்திருக்கிறது. கியர்பாக்ஸ் கடைசியாக எதில் இருந்ததோ அதிலேயே நின்றுவிடும், லிவரை எங்கே தள்ளினாலும் அதற்குத் தெரியாது. கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) போட்டுக் கட்டி வீதிவரை கொண்டு வந்தேன், பிறகு புஷ் மட்டும் வாங்கி அடித்தேன். முழுக் கேபிள் எதற்கு? இங்கே உப்பும் இல்லை பனியும் இல்லை. சில நூறு ரூபாய் சாமானுக்கு ஸ்கார்பரோ நண்பர் ஒரு பகலை வீணடித்துவிட்டார்.

இன்னொன்று. நம் ஊரில் ஓடும் ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை) கார்களில் பெரும்பாலும் லிவர் வெறும் சுவிட்ச் மாதிரி, மோட்டார்தான் கியரை மாற்றும். அதில் இந்தக் கேபிளைத் தேடிக் கன்சோலைப் பிரிக்காதீர்கள்.

ஹூஸ்டன்காரி:
வெங்கட் சார், ஒரு பகல் வீணாகவில்லை. உறை ஊதிய கேபிளில் புது புஷ்ஷை மாட்டினால் இழுவை கனத்து, அந்தப் புஷ்ஷும் சீக்கிரம் போகும். கேபிள் டை கட்டி ஓட்டியதை எழுதாமலாவது இருந்திருக்கலாம், படிக்கிறவர்கள் அதையே செய்வார்கள்.

இது யாரோ ஒருவருக்கு வரும் கோளாறு இல்லை. 2022 ஜூனில் ஃபோர்ட் அமெரிக்காவில் ஏறக்குறைய 29 லட்சம் வண்டிகளை இதே புஷ்ஷுக்காகத் திரும்ப அழைத்தது. 2013 முதல் 2019 வரையிலான எஸ்கேப், 2013 முதல் 2016 வரையிலான ஃப்யூஷன் எல்லாம் அதில் உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து புஷ் சிதைவதாகச் சொல்லி, புதுப் புஷ்ஷும் அதன்மேல் ஒரு மூடியும் போட்டுக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் வண்டியின் 17 எழுத்து, எண் கொண்ட அடையாள எண்ணை (VIN) அரசின் சாலைப் பாதுகாப்புத் துறைத் தளத்தில் தட்டிப் பாருங்கள், திரும்ப அழைப்பு இருந்தால் இலவசமாகவே செய்து தருவார்கள்.

என் வேன் அந்தப் பட்டியலில் இல்லாத வேறு கம்பெனி. லிவர் லேசாக ஆடுகிறதே என்று பேட்டரித் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். கேபிள் முனை தானாகவே கையோடு வந்தது. உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன், புஷ் காய்ந்த கறிவேப்பிலை மாதிரி பொடிந்தது. அன்று காலைதான் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்திருந்தேன், அந்த வாசலும் சரிவுதான். பொடியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு இன்னும் வைத்திருக்கிறேன்.

புதிய புஷ் விறைப்பாக இருந்தால் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். பிளையரால் அழுத்தினால் 'டப்' என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம்.

ஸ்கார்பரோவாசி:
ஏ9 தம்பி, அம்மா சுகம். கிள்ளான் ஐயா, மேனுவலைப் பார்த்தேன், நியூட்ரல் என்றுதான் இருந்தது. சனிக்கிழமை மறுபடி இளக்கி நியூட்ரலில் வைத்துப் பூட்டினேன். இப்போது பார்க்கில் லிவரைத் தொடாமலே ஸ்டார்ட் ஆகிறது. ரிவர்ஸ், டிரைவ் இரண்டிலும் பிடிக்கவில்லை, ரிவர்ஸ் விளக்கும் சரி.

அம்மா வாசற்படியில் நின்றபடியே, "இப்ப நிக்குமோ தம்பி?" என்று கேட்டார். பார்க்கில் போட்டு, கட்டைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ஹேண்ட்பிரேக்கை இளக்கிவிட்டு, பின்னால் போய் இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினேன். ஒரு விரல் அளவு அசைந்து 'டக்' என்று பல்லில் பிடித்து நின்றது. "இன்னொருக்கா" என்றார். மறுபடி இழுத்தேன். அதற்குப் பிறகுதான் படியை விட்டு இறங்கி வந்தார். நேற்றுக் கடைக்குப் போய் வந்தபோது, நான் ஹேண்ட்பிரேக்கை இழுக்கும் சத்தம் கேட்கும்வரை அவர் சீட்டை விட்டு அசையவில்லை.