‘பாலாற்றங்கரை உறவுகள்’ குழுவில்: செய்திச் செயலியா, இணையப் பக்கமா?

காட்பாடி அத்தை (காலை 10:12): லால்பாக் வண்டியில் சென்னைக்குக் கிளம்பப் பெட்டி கட்டி வைத்திருந்தேன். ‘கனமழை: காட்பாடி வழி ரயில்கள் தாமதம், சில ரத்து’ என்று செய்திச் செயலியில் அறிவிப்பு வந்ததால் பயணத்தையே விட்டுவிட்டேன். வண்டி உரிய நேரத்தில் வந்து போனதாக எதிர்வீட்டுக்காரர் இப்போது சொல்கிறார். அறிவிப்பைத் திறந்து பார்த்தால், அது நேற்றிரவுச் செய்தி.

மச்சான் (10:19): அம்மா, இரவு படுக்கும்போது நீங்கள் டேட்டாவை அணைத்துவிடுகிறீர்கள். அதன் பிறகு அனுப்பப்பட்ட அறிவிப்பு காத்திருந்து, காலையில் டேட்டாவைப் போட்டதும் வந்து விழுந்திருக்கிறது. கைப்பேசி பெரும்பாலும் அறிவிப்பு வந்து சேர்ந்த நேரத்தைத்தான் காட்டும், செய்தி எழுதப்பட்ட நேரத்தை அல்ல. இதற்காகச் செயலியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது.

குடியாத்தம் பெரியப்பா (10:31): மாப்பிள்ளை, எழுதிய நேரம் தெரியாத உடனடிச் செய்தியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? 2021 டிசம்பரில் திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு வண்டிகளை நிறுத்தினார்களே, அன்று நான் அரக்கோணத்தில் மாட்டிக்கொண்டேன். என் கைப்பேசியிலிருந்த செயலி முதலில் புதுப்பிக்கச் சொன்னது, பிறகு இருப்பிடம் கேட்டது, அதன் பிறகு திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அருகில் நின்ற கல்லூரிப் பையன், படமே இல்லாமல், வரிக்கு வரி நேரம் குறித்திருந்த ஓர் இணையப் பக்கத்தைக் காட்டினான். ஒரு கோடு சிக்னலில் அது உடனே திறந்தது. புதியது மேலே, பழையது கீழே. நான்கு வரி படித்ததும், இனிக் காத்திருப்பது வீண் என்று தெரிந்து, சோளிங்கர் வழியாகப் பேருந்தில் ஊர் வந்து சேர்ந்தேன்.

நான் (10:40): பெரியப்பா, பெரிய நிறுவனங்களும் நெருக்கடியில் அந்த வழிக்குத்தான் போயிருக்கின்றன. 2001 செப்டம்பர் 11 அன்று கூட்டம் தாங்காமல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான சிஎன்என்னின் தளம் திணறியபோது, முகப்பின் அலங்காரங்களை ஏறக்குறைய எல்லாவற்றையும் களைந்துவிட்டுச் சில வரிகளை மட்டும் வைத்தார்கள். 2017-இல் புளோரிடாவை இர்மா சூறாவளி தாக்கியபோது, வெறும் எழுத்தாலான பக்கங்களை அந்த நிறுவனமும் அமெரிக்காவின் என்பிஆர் வானொலியும் மக்களுக்கு எடுத்துக்காட்டின. எழுத்து மட்டும் உள்ள பக்கம் சில கிலோபைட்தான்; ஆயிரம் பேர் கேட்டாலும் ஒரே பிரதியை எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்பதால் சர்வர் மூச்சுத் திணறாது.

மச்சான் (10:47): எழுத்து மட்டும் உள்ள பக்கம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். நம் கண்ணில் படும் செய்திப் பக்கங்களில் தானே ஓடும் வீடியோவும், படிக்கும் வரியைக் கீழே தள்ளிவிடும் விளம்பரமும்தான் நிறைந்திருக்கின்றன. அவற்றைவிடச் செயலியே மேல். தவிர, நள்ளிரவில் பாலாற்றில் வெள்ளம் வந்தால் பக்கம் உங்களைத் தட்டி எழுப்பாது.

நான் (10:53): விளம்பரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான் மச்சான், அப்படிப்பட்ட பக்கத்துக்காக நான் வாதாடவில்லை. தட்டி எழுப்புவதற்கும் செயலி வேண்டியதில்லை. 2023-இல் ஊரெங்கும் கைப்பேசிகள் ஒரே சமயத்தில் அலறினவே, அந்தச் சோதனை எச்சரிக்கை செல்கோபுரத்திலிருந்தே நேராக வந்தது; அதற்கு இணையமும் தேவையில்லை. எழுந்த பிறகு என்ன நடக்கிறது என்று படிக்கத்தான் பக்கம். செயலிகள் பலவும் நான் எதைத் தொடுவேன் என்று கணக்குப் போட்டுச் செய்தியை அடுக்குகின்றன. வெள்ள நாளில் எனக்கு வேண்டியது மணி வரிசை.

குடியாத்தம் பெரியப்பா (10:57): அந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த இன்னொன்று, தவறாகப் போட்டதை அழித்துவிடாமல் அதன் கீழேயே திருத்தம் எழுதியிருந்தார்கள். அதன் முகவரியை அன்றே குறித்து வைத்தேன். மழைக்காலத்தில் இன்றும் அதைத்தான் பார்க்கிறேன். என் பழைய கைப்பேசியில் இனி ஒரு செயலிக்கும் இடமில்லை. மாப்பிள்ளை, முகவரியை உனக்கு அனுப்புகிறேன். எல்லோருக்கும் மேலே தெரியும்படி குழுவில் ‘பின்’ (pin) செய்துவிடு.

மச்சான் (11:01): செய்துவிட்டேன் மாமா. ஆனால் என் செயலியை நான் நீக்கப்போவதில்லை.

காட்பாடி அத்தை (11:04): திறந்துவிட்டது அண்ணா. மேலே 10:58 என்று போட்டிருக்கிறது. காட்பாடி வழியில் தாமதம் எதுவும் இல்லை என்கிறது. மகனே, நாளைக்கு லால்பாக்கில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்.