நான் சீட்டு எண்ணுவதை டீலர் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது, கட் கார்டு பாதிக்கு வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

கடைசிநாற்காலி:

எட்டு மாதமாக பிளாக்ஜாக்கில் ஹை-லோ முறையில் சீட்டு எண்ணி ஆடுகிறேன். சின்னச் சீட்டு போனால் ஒன்று கூட்டுவேன், பத்தும் படச்சீட்டும் ஏஸும் போனால் ஒன்று கழிப்பேன்; கவுன்ட் ஏறினால் மீதியில் பெரிய சீட்டு அதிகம், அது எனக்கு அனுகூலம். வீட்டில் ஒரு சீட்டுக்கட்டை 25 நொடிக்குள் எண்ணி முடிப்பேன், கடைசிச் சீட்டில் பூஜ்யத்தில் வந்து நிற்கும். எண்ணுவதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. தடுமாற்றமெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம்.

நான் போகும் இடத்தில் ஆறு கட்டு ஷூ, அதாவது ஆறு கட்டையும் சேர்த்துக் கலைத்து வைக்கிற பெட்டி. பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் இரண்டுக்கு மூன்று தருவார்கள். பின்னால் ஒன்றரைக் கட்டு மட்டும் ஒதுக்கி கட் கார்டு வைப்பார்கள்; அந்த அட்டை வந்ததும் மறுபடி கலைப்பார்கள். இந்த மாதிரி மேசை கிடைப்பதே அபூர்வம் என்பதால் மூன்று வாரமாக அங்கேயே உட்கார்ந்திருந்தேன், பெரும்பாலும் ஒரே டீலரிடம்.

போன சனிக்கிழமை ஷூவின் நடுவில் வரிசையாக நாலும் ஐந்தும் ஆறுமாகக் கொட்டின. ட்ரூ கவுன்ட் (எண்ணி வந்த ரன்னிங் கவுன்ட்டை மீதிக் கட்டுகளால் வகுத்தது) நாலைத் தாண்டியதும் 1 யூனிட்டிலிருந்து, அதாவது என் சிறிய பந்தயத்திலிருந்து, 10 யூனிட்டுக்குப் போனேன். டீலர் தலையைத் திருப்பி ஏதோ சொன்னார். கோட் போட்ட ஒருவர் வந்து அவருக்குப் பின்னால் நின்றார். எனக்கு 16, டீலருக்குப் பத்து. கவுன்ட் சொன்னபடி மேலே சீட்டு வாங்காமல் நின்றேன். ஜெயித்தேன். அடுத்த முறை சீட்டைக் கலைத்ததும் கட் கார்டு நட்ட நடுவில் வந்து உட்கார்ந்தது. அதுவாவது பரவாயில்லை. சீட்டு போட்டுக்கொண்டே டீலர் என்னைப் பார்த்து, "இன்றைக்குச் சின்னச் சீட்டெல்லாம் சீக்கிரமே போய்விட்டது, இல்லையா?" என்றார். வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

அவருக்குத் தெரிந்துவிட்டதா? டிப்ஸ் கூட்டிக் கொடுத்தால் கண்டுகொள்ளாமல் விடுவாரா? நிறையப் பேசி, கொஞ்சம் போதை ஏறியவன் மாதிரி நடித்தால் பலன் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்ஷூ:

பதில் சொல்வதற்கு முன் சில கேள்விகள். ஒரு தடவை உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் ஆடுகிறீர்கள்? 1-லிருந்து 10-க்கு நேராகப் போனீர்களா, நடுவில் ஏதாவது படி உண்டா? சீட்டு கலைத்ததும் முதல் கைக்கு எவ்வளவு வைப்பீர்கள்? அப்புறம், முக்கியமானது: பந்தயம் வைப்பதற்குச் சற்று முன்னால் உங்கள் கண் எங்கே போகும்?

கடைசிநாற்காலி:

மூன்று மணி நேரம், சில நாள் நாலு. நேராகத்தான் போனேன், படி எதுவும் இல்லை. கலைத்ததும் எப்போதும் 1 யூனிட். கண்ணைப் பற்றி யோசித்ததே இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், ஆடி முடித்த சீட்டு வைக்கிற தட்டைப் பார்ப்பேன். எத்தனை கட்டு மீதி என்று தெரிந்தால்தானே வகுக்க முடியும்?

மூன்றாம்ஷூ:

ஆக, பந்தயம் கூடும்போதெல்லாம் அதற்கு ஒரு நொடி முன்னால் தட்டைப் பார்க்கிறீர்கள். நீங்களே நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், போங்கள்.

பழையடீலர்:

பதினோரு வருஷம் அந்தப் பக்கம் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முதலில் அந்தத் தலை திருப்பலைப் பார்ப்போம். ஒரு அளவுக்கு மேல் பெரிய பந்தயம் விழுந்தால் மேற்பார்வையாளர் காதில் விழும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது பல இடங்களில் டீலருக்கு விதி. உங்களைக் காட்டிக்கொடுக்க அவர் திரும்பவில்லை, வேலையைச் செய்தார். சட்டென்று 10 யூனிட் வைத்து அந்தச் சத்தத்தை வரவழைத்தது நீங்கள்தான்.

கட் கார்டை நடுவில் வைத்ததும் அவர் சொந்த முடிவாக இருக்காது. கோட் போட்டவர் வந்து நின்றார் என்கிறீர்களே, அவர் சொல்லியிருப்பார். இதை நீங்கள் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். அடிக்கடி கலைத்தால் சூதாட்டக் கூடத்துக்கும் நஷ்டம். கலைக்கிற நேரத்தில் யாரும் பணம் வைப்பதில்லை, அந்த மேசையிலிருக்கும் மற்றவர்களிடமிருந்து வர வேண்டிய வருமானமும் நின்றுபோகும். ஒரே ஒரு ஆளுக்காக அந்த நஷ்டத்தை ரொம்ப நாள் தாங்க மாட்டார்கள். அடுத்து வரப்போவது தோளில் ஒரு தட்டு, "கிளம்புங்கள்" என்று.

டீலருக்குத் தெரியுமா என்றால், தெரிந்திருக்கலாம். நாங்களும் சில பேர் பொழுது போகாமல் எண்ணுவோம். ஆனால் எண்ணத் தெரியாத டீலருக்கும் எண்ணுகிறவரைத் தெரியும். சாதாரண ஆட்டக்காரர் தன் சீட்டைப் பார்ப்பார், டீலர் மூடி வைத்த சீட்டையே முறைத்துக்கொண்டிருப்பார். எண்ணுகிறவர் பார்வை மேசை முழுக்க ஒரு சுற்று போய்வரும். பேசிக்கொண்டே இருப்பார், சீட்டு திறக்கிற அந்த இரண்டு நொடி மட்டும் வாய் நின்றுவிடும். சாதாரண ஆள் ஜெயித்த பிறகு பந்தயத்தைக் கூட்டுவார். நீங்கள் மூன்று கை தோற்றுவிட்டு, சின்னச் சீட்டாக வந்து போனதால், முகத்தில் ஒரு வருத்தமும் இல்லாமல் பத்து மடங்கு வைப்பீர்கள். எங்களுக்கு அது போதும்.

டிப்ஸ் பற்றி. நான் வேலை செய்த இடத்தில் எல்லா டிப்ஸும் ஒரே பெட்டிக்குள் போகும், எல்லோருக்கும் பங்கு. நீங்கள் கொடுப்பதில் அந்த டீலர் கைக்குத் தனியாக வருவது சில்லறை. அதற்காக அவர் கண்ணை மூடிக்கொண்டால், நாளைக்கு மேலே இருப்பவர் "நீ பார்க்கவே இல்லையா?" என்று கேட்கும்போது வேலை போகும். அவரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள், பாவம்.

நடிப்பு? பெரிய பந்தயம் இரண்டு மூன்று தடவை விழுந்ததும் மேலே கேமரா அறைக்குச் சொல்லிவிடுவார்கள். அங்கே ஒருவர் பதிவை ஓடவிட்டு, கவுன்ட் என்ன, நீங்கள் வைத்தது என்ன என்று ஷூ ஷூவாகப் பொருத்திப் பார்ப்பார். கேமராவுக்கு உங்கள் நகைச்சுவை கேட்காது. பந்தயமும் கவுன்ட்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் நீங்கள் குடித்திருந்தாலும் ஒன்றுதான், தியானத்தில் இருந்தாலும் ஒன்றுதான்.

ஆனால் சின்னச் சீட்டு பற்றி அவர் சொன்னாரே, அது எனக்கு மிரட்டலாகத் தெரியவில்லை. "தம்பி, எழுந்து போ" என்று அவர் பாணியில் சொல்லியிருக்கிறார். நானும் இரண்டொரு தடவை அப்படிச் சொன்னதுண்டு.

கணக்குப்பிள்ளை:

யாரும் இன்னும் கணக்கைத் தொடவில்லை, அதனால் நான் தொடுகிறேன். கட் கார்டு பாதியில் இருந்தால் அந்த மேசையில் உட்காருவதே வீண். மூடுமந்திரம் வேறு எதற்கு?

ஆறு கட்டு என்றால் 312 சீட்டு. முன்பு 234 சீட்டு வெளியே வந்தது, இப்போது 156. இந்த 78 சீட்டு வெறும் கால்பங்கு என்று நினைக்க வேண்டாம். எண்ணுகிறவர் சம்பாதிக்கிற இடமே அந்தக் கால்பங்குதான். ஒன்றரைக் கட்டு மீதி இருக்கும்போது ட்ரூ கவுன்ட் நாலு வர ரன்னிங் கவுன்ட் 6 இருந்தால் போதும். மூன்று கட்டு மீதி இருந்தால் அதே நாலுக்கு 12 வேண்டும். 12 எத்தனை ஷூவுக்கு ஒரு முறை வருகிறது என்று உங்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

விதிகள் சுமாராக நன்றாக இருந்தால், எண்ணாமல் அடிப்படை உத்தியை (எந்தக் கைக்கு என்ன செய்வது என்ற அட்டவணை) மட்டும் சரியாக ஆடுகிறவருக்கு எதிராக கூடத்தின் அனுகூலம் ஏறக்குறைய 0.5 சதவீதம். ட்ரூ கவுன்ட் ஒன்று ஏறினால் ஏறக்குறைய 0.5 சதவீதம் உங்கள் பக்கம் வரும். ஆக +1-இல் சமம், +2-இல் அரை சதவீதம் உங்களுக்கு. அந்த அரை சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒரு யூனிட் டிப்ஸைத் திரும்ப எடுக்க 200 யூனிட் பந்தயம் கட்ட வேண்டும். டிப்ஸ் கூடாது என்று சொல்லவில்லை, மரியாதைக்குக் கொடுங்கள். அதை முதலீடு என்று நினைக்காதீர்கள்.

சிலர் மறைப்பதற்காக கவுன்ட் விழுந்த பிறகும் பெரிய பந்தயத்தைத் தொடர்வார்கள். -2-இல் 4 யூனிட் வைத்தால் ஒன்றரை சதவீதம் எதிராக, அதாவது கைக்கு 0.06 யூனிட் போகும். 1 யூனிட் என்றால் 0.015 தான். ஒரு கைக்குச் சில்லறை மாதிரி தெரியும், மணிக்கு எண்பது கை ஆடினால் தெரியும் வலி. இன்னொரு மறைப்பு, எல்லா நேரத்திலும் இன்ஷூரன்ஸ் எடுப்பது, அதாவது டீலருக்கு ஏஸ் தெரியும்போது அவருக்கு பிளாக்ஜாக் இருக்கும் என்று தனிப் பந்தயம் கட்டுவது. +3-க்குக் கீழே அது நஷ்டம். புது ஷூவில் முதல் கையிலேயே எடுத்தால் அந்தப் பந்தயத்தில் 7 சதவீதத்துக்கு மேல் தண்டம்.

மூன்றாம்ஷூ:

கணக்குப்பிள்ளை சொல்வது சரி, ஆனால் எல்லா மறைப்புக்கும் காசு ஆகாது. ஜெயித்த கையின் சிப்பை எடுக்காமல் அப்படியே விட்டால் 2 நாலாகும், 4 எட்டாகும். பார்ப்பவருக்கு அது சூதாடியின் ஆசை. கவுன்ட் ஏறும்போது மட்டும் அப்படி விடுங்கள். 1-லிருந்து 10-க்குத் தாவுவதைவிட இது எவ்வளவோ மேல். தட்டைப் பார்க்கிற பழக்கத்துக்கு மருந்து, கை முடிந்து சீட்டை வாரும்போதே பார்த்துவிடுவது. அப்போது எல்லோர் கண்ணும் அங்கேதான் இருக்கும். பந்தய வட்டத்தில் கை போகும்போது பார்க்காதீர்கள்.

அப்புறம், படச்சீட்டு இரண்டு வந்து டீலருக்கு 6 இருக்கும்போது அதை இரண்டு கையாகப் பிரிப்பது. கவுன்ட் நாலுக்கு மேல் இருந்தால் அது கணக்குப்படி சரிதான், ஆனால் செய்யாதீர்கள். அதைப் பார்த்தால் தூங்குகிற மேற்பார்வையாளர்கூட விழித்துக்கொள்வார். 16-க்குப் பத்து எதிரே நிற்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள், பயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நிற்கிறார்கள்.

கவுன்ட் ரொம்பக் கீழே இறங்கிவிட்டால் எழுந்து கழிப்பறைக்குப் போங்கள். அது இலவசம்.

பழையடீலர்:

ஒவ்வொரு முறை கவுன்ட் விழும்போதும் கழிப்பறைக்குப் போனால் அதுவும் ஓர் அடையாளம்தான். ஒருவரை நாங்கள் "குழாய்" என்றே கூப்பிட்டோம்.

சும்மாவந்தவன்:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? மொபைலில் எண்ணுகிற ஆப் இருக்கிறது. மடியில் வைத்துத் தட்டினால் யாருக்குத் தெரியும்?

சட்டம்தெரிந்தவர்:

அதை மட்டும் செய்துவிடாதீர்கள். தலைக்குள் எண்ணுவது அமெரிக்காவில் குற்றமில்லை. கருவியின் துணையோடு எண்ணுவது, லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 1985 முதல் பெருங்குற்றம், சிறைவரை போகும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கோடெல்லாம் இல்லை, பெரிய சுவரே இருக்கிறது.

கேட்டவருக்கும் ஒன்று. குற்றமில்லை என்பதால் உங்களை ஆடவிட்டே ஆக வேண்டும் என்று ஆகாது. நெவாடாவில் அது தனியார் இடம், எண்ணுகிறீர்கள் என்று தோன்றினால் வெளியே போகச் சொல்லலாம். போகச் சொல்லி எச்சரித்த பிறகு திரும்பி வந்தால் அத்துமீறல் என்ற வழக்கு வரும். நியூ ஜெர்சியில் கதை வேறு. சீட்டு எண்ணுவதில் பேர்போன கென் உஸ்டன் தொடுத்த வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1982-இல், சீட்டு எண்ணுகிறார் என்பதற்காகக் கூடம் தன்னிச்சையாக ஒருவரை விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதனால் அந்த மாநிலத்துச் சூதாட்ட நகரமான அட்லாண்டிக் சிட்டியில் ஆளை வெளியே அனுப்புவதற்குப் பதில் சீக்கிரம் கலைப்பார்கள், உங்கள் பந்தயத்துக்கு உச்சவரம்பு போடுவார்கள். வழக்கில் ஜெயித்து மேசையில் தோற்ற கதை என்று எனக்குத் தோன்றும்.

நீங்கள் எந்த ஊர் என்று சொல்லவில்லை. எந்த ஊரானாலும் யாராவது வந்து போகச் சொன்னால் விவாதிக்காதீர்கள், "நான் எண்ணவில்லை" என்றும் வாதாடாதீர்கள். சிப்பை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

கடைசிநாற்காலி:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

அந்த இடத்தை விட்டு ஒரு மாதம் விலகியிருந்தேன். வேறு இரண்டு இடத்தில் ஆடினேன், எங்கேயும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவில்லை. தட்டைப் பார்க்காமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். முதல் இரண்டு நாள் மீதிக் கட்டு எத்தனை என்று தப்பாக மதிப்பிட்டு, வைக்கக் கூடாத இடத்தில் பெரிதாக வைத்தேன். இப்போது அரைக் கட்டு துல்லியத்துக்கு வந்திருக்கிறேன்.

ஆசை விடவில்லை, நேற்றுப் பழைய இடத்துக்கே போனேன். இரண்டாவது ஷூ முடியவில்லை, அதே கோட்காரர் பக்கத்தில் வந்து குனிந்து, "சார், உங்கள் ஆட்டம் எங்களுக்குக் கொஞ்சம் அதிகம். வேறு எந்த ஆட்டம் வேண்டுமானாலும் ஆடுங்கள், பிளாக்ஜாக் மட்டும் வேண்டாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. சரி என்று சொல்லிவிட்டு சிப்பை அள்ளிக்கொண்டு எழுந்தேன். காசு மாற்றும் இடத்திலும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வாசலுக்குப் போகிற வழியில் அந்த மேசையைத் திரும்பிப் பார்த்தேன். அதே டீலர்தான், சீட்டைக் கலைத்து முடித்திருந்தார். கட் கார்டு பழையபடி ஒன்றரைக் கட்டில் போய் உட்கார்ந்தது.