யூரோப்பா லீக் கால்பந்து இறுதிப்போட்டியில் மான்செஸ்டர் யுனைடெட் பில்பாவோவில் ஸ்பர்ஸிடம் தோற்ற மறுநாள், எங்கள் குடும்பக் குழுவில்

22 மே 2025, வியாழன்

அருண்: ராத்திரி இரண்டரை வரை கண் விழித்துப் பார்த்தேன். ஸ்பர்ஸின் ஜான்சன் அடித்தாரா, யுனைடெட்டின் லூக் ஷா மேல் பட்டுப் போனதா என்றே தெரியாத ஒரு கோல். ஸ்பர்ஸ் 1, யுனைடெட் 0. போதும், பயிற்சியாளர் அமோரிமை அனுப்பிவிடலாம்.

குமார் சித்தப்பா: அவசரப்படாதேடா. வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. யுனைடெட்டின் பழைய பயிற்சியாளர் ஃபெர்குசன் 1986 நவம்பரில் வந்தார், முதல் கோப்பை 1990 மே மாதம். நடுவில் உள்ளூர் எதிரி மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 அடி வேறு. அப்போதே அனுப்பியிருந்தால் 13 லீக் பட்டம் ஏது?

நித்யா: ஃபெர்குசனுக்கு அடுத்து வந்த மோயஸ் காலத்திலிருந்து எல்லாருக்கும் நீங்கள் தரும் ஜாமீன் இதே கதைதான் சித்தப்பா 😄

குமார் சித்தப்பா: பொய்யா சொல்கிறேன்?

நித்யா: பாதியைத்தான் சொல்கிறீர்கள். முதல் முழு சீசனிலேயே ஃபெர்குசன் லீகில் 2ஆம் இடம் வந்தார். அப்புறம் சரிந்தார், சரி. ஆனால் அந்த வருடங்களில் சும்மா இருக்கவில்லை. அணியில் குடிப் பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று, ரசிகர்கள் கொண்டாடிய மெக்ராத்தையும் ஒயிட்சைடையும் 1989இல் விற்றார். சிட்டியில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த, பின்னாளில் நட்சத்திரமான கிக்ஸை 14 வயதில் இழுத்து வந்தார். எத்தனை வருடம் என்று எண்ணாதீர்கள், என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள்.

அருண்: அமோரிம் என்ன வேலை செய்கிறாராம்? லீகில் 26 ஆட்டம், 24 புள்ளி. கிளப் 16ஆம் இடம்!

நித்யா: அதில் நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. போன வருடம் எஃப்ஏ கோப்பை வென்றதும் அப்போதைய பயிற்சியாளர் டென் ஹாக் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அவருடைய பழைய கிளப்பான அயாக்ஸின் ஆட்கள் டி லிக்ட், மஸ்ராவி இரண்டு பேரையும் வாங்கினார்கள். அக்டோபரில் அவரையே அனுப்பினார்கள். அப்புறம் பின்வரிசையில் மூன்று பேரை வைத்து ஆடும் அமோரிமைக் கூட்டி வந்து, நான்கு பேருக்காகக் கட்டிய அணியைக் கையில் கொடுத்தார்கள். இந்த அரைகுறைப் பொறுமைக்கு, டென் ஹாகை மே மாதமே அனுப்பியிருக்கலாம்.

பெரியம்மா: யாருக்கு வேலை போகிறது? மிச்சச் சம்பளம் தருவார்களா?

குமார் சித்தப்பா: அதை அமோரிமே நேற்று சொல்லிவிட்டார் அண்ணி. நிர்வாகமும் ரசிகர்களும் வேண்டாம் என்றால் மறுநாளே போகிறாராம், நஷ்டஈடு பற்றிப் பேச மாட்டாராம். தானாக விலக மாட்டாராம்.

பெரியம்மா: நல்ல பிள்ளையாகத் தெரிகிறான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அருண்: பெரியம்மா 😭

அருண்: அக்கா, உங்கள் ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்டெட்டா மட்டும் என்ன? 2020இல் ஒரு எஃப்ஏ கோப்பை, அதோடு சரி.

நித்யா: 2021 ஆகஸ்டில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, கடைசி இடம். அப்போதும் இளம் வீரர்கள் சாகாவையும் ஸ்மித் ரோவையும் பார்த்தால் அணி எங்கே போகிறது என்று புரிந்தது. ஒழுங்கு மீறிய ஆபமேயாங்கிடமிருந்து கேப்டன் பதவியையே பறித்தார். அப்புறம் மூன்று சீசனாக 2ஆம் இடம்.

குமார் சித்தப்பா: 2ஆம் இடத்துக்குக் கோப்பை தருகிறார்களா என்ன?

நித்யா: இல்லைதான். ஆட்களும் வந்தாயிற்று, நேரமும் கொடுத்தாயிற்று. கடைசி இடத்தில் இருந்தபோது பொறுத்த அளவுக்கு இனி என்னால் முடியாது.

அருண்: சித்தப்பா, உங்கள் கெடு என்ன? 1990 கதை வேண்டாம், தேதி சொல்லுங்கள்.

குமார் சித்தப்பா: கோடையில் அவருக்கு வேண்டிய ஆட்களை அவரே வாங்கட்டும். கிறிஸ்துமஸில் பேசுவோம்.

அருண்: ஸ்பர்ஸ் கதை இன்னும் வேடிக்கை. லீகில் 17ஆம் இடம், கையில் யூரோப்பா கோப்பை. பயிற்சியாளர் போஸ்டெகோக்லு இருப்பாரா, போவாரா?

குமார் சித்தப்பா: 17 வருடம் கழித்து ஒரு கோப்பை கொண்டுவந்தவரை எவன் அனுப்புவான்?

நித்யா: ஸ்பர்ஸ் தலைவர் லெவி அனுப்புவார் சித்தப்பா. 2021இல் லீக் கோப்பை இறுதிப்போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது அப்போதைய பயிற்சியாளர் மூரீனியோவையே அனுப்பினவர்.