முட்டுச்சந்தைத் திறக்கப் போகிறார்கள், யாரிடம் கேட்பது?

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு பேரூராட்சி. எங்கள் தெரு முட்டுச்சந்து. கடைசியில் வாய்க்கால், தாண்டினால் மெயின் ரோடு. வாய்க்கால் மேல் பாலம் போட்டு இணைக்கப் போகிறார்களாம். போன மாதம் அளந்து, மதகுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் கோடு கிழித்துவிட்டுப் போனார்கள்.

தெரு 12 அடிதான். வாசற்படி இறங்கினால் ரோடு. பிள்ளைகள் சைக்கிள் பழகுவதும் இங்கேதான். குறுவை அறுப்பு வந்தால் நெல் லாரி குறுக்கு வழி என்று நுழையாமல் இருக்குமா?

கவுன்சிலரிடம் கையெழுத்து மனு கொடுத்தோம், "பார்க்கலாம்" என்றார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுத்தாயிற்று, ரசீதுதான் மிச்சம். தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபடம் கேட்டிருக்கிறோம், 30 நாள் கெடு இன்னும் இருக்கிறது.

பாலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்தும் டூவீலரிலும் போக வசதிதான். பாலத்து முனையில் இரும்புக் கம்பம் நட்டு லாரி, காரைத் தடுக்க யாரிடம், எந்த விதியைக் காட்டிக் கேட்க வேண்டும்?